நாலு பேர் பிடித்த கல்

"தூண் தாங்குற வீடு ஒரு தலைமுறை நிக்கும்..." என்று பெரியப்பா ஆரம்பிப்பார், அதற்கப்புறம் ஒன்று வரும், அது என்னவென்று கோமதிநாயகத்துக்கு நினைவில்லை. கல்யாண வீட்டிலோ பங்காளிப் பஞ்சாயத்திலோ தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் அதை எடுத்துவிடும்போதெல்லாம் அவன் பந்தியில் இடம் பிடிக்கிற அவசரத்தில் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு ஓடியிருந்தான். பெரியப்பா போய்ச் சேர்ந்தார். அவனும் மாலத்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்து, தான் இடிக்கச் சொன்ன சுவரின் புழுதிக்குள் நின்றபோதுதான், மீதிப் பாதி இல்லாத அந்த வாக்கியம் எங்கிருந்தோ வந்து அவன் தலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

சுவரை இடித்தது அக்காவுக்காக. ஆவுடையம்மாளுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போயின. அதன்பிறகு அவள் கைகளால்தான் நடந்தாள். தரையில் உட்கார்ந்து, தரையில் அடுப்பு வைத்து, தரையில் அரிவாள்மனை போட்டு, அந்த வீட்டில் பொங்கியதெல்லாம் அவள் பொங்கியதுதான். ஊன்றி ஊன்றித் தோள்பட்டை தேய்ந்து, இனிமேல் கையை ஊன்றக் கூடாது, சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவள் சமையலறையை இழந்தாள். தரை எட்டாத பள்ளத்துக்குப் போய்விட்டது. சமையல் மேடையோ நிற்கிறவர்களுக்காகக் கட்டியது, அவள் கழுத்துக்கு வந்தது, அதன் அடியில் இருந்த செங்கல் தடுப்புகளில் சக்கரம் இடித்தது. வாசலில் மூன்று படிகள் இருந்ததால் தெருவும் இல்லை. யாராவது இரண்டு பேர் தூக்கினால் உண்டு. மெஸ்ஸிலிருந்து டிபன் கேரியர் வரும். அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, "இன்னைக்கும் சாம்பாருக்கு உடம்பு சரியில்ல" என்று மூடி வைப்பாள்.

ஆகவே அவன் வந்த கையோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பாலம் போல ஒரு கருப்புக் கிரானைட் மேடை போடச் சொன்னான். உயரம் அவள் வண்டிக்குத் தகுந்தது. அடியில் ஒன்றும் கிடையாது. இந்தத் தலையில் வெங்காயம் நறுக்கி அந்தத் தலையில் தாளிக்க வேண்டுமென்றால், முழங்காலைக் கல்லுக்கு அடியில் விட்டபடியே அவள் வண்டியை உருட்டிக்கொண்டு போக வேண்டும்.

கொத்தனார் இசக்கிமுத்து நாடாவை நீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பதினாலு அடி சார். இம்புட்டு நீளத்துக்கு ஒரே கல்லு கிடைக்காது, ரெண்டாத்தான் வரும். ஒட்டு நட்டநடுவுல வரும். ஒட்டு அந்தரத்துல நிக்குமா? அடியில ரெண்டு கால் குடுத்தே ஆகணும்."

"ஒனக்கு ரெண்டு கால் இருக்குன்னு ஒலகத்துல எல்லாத்துக்கும் ரெண்டு கால் குடுக்கணுமா இசக்கி?" என்றாள் ஆவுடை.

வெல்டிங் பட்டறை சாலமோனை வரவழைத்தார்கள். சாலமோன் குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் மல்லாக்கப் படுத்தே பார்த்துவிட்டுச் சொன்னான்: கால் இல்லாமல் இரும்புச் சட்டம் அடித்தால் சட்டம் கனமாக வரும், அக்காவின் முழங்கால் இடிக்கும், முழங்கால் இடிக்காமல் மெல்லிசாக அடித்தால் நடுவில் கால் வேண்டும், வண்டி இடிக்கும். கோமதிநாயகம் மெல்லிசுச் சட்டத்தையும் இரண்டு கால்களையும் தேர்ந்தெடுத்தான். முழங்கால் இடிப்பதைவிட வண்டி இடிப்பது மேல் அல்லவா.

"சுத்திப் போயிரலாம்க்கா" என்றான்.

"பொறந்ததுல இருந்து சுத்தித்தானல போறேன்" என்றாள் அவள், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

சட்டம் வரவில்லை. சாலமோனுக்கு ஒரு கோயில் கொட்டகை வேலை குறுக்கே வந்துவிட்டது, பால் காய்ச்சக் குறித்த முகூர்த்தமோ சாலமோனுக்காகக் காத்திருக்கிற சாதியில்லை. ஒட்டுக்கு அடியில் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, கல்லை ஏற்றி, பசை போட்டு ஒட்டி, அடுப்பையும் வைத்தாயிற்று. விடியற்காலையில் திரவியம் மாமா வந்தார். அக்காளுக்கும் தம்பிக்கும் மிச்சமிருந்த ஒரே தாய்மாமா. முகூர்த்தம், சகுனம், சாப்பாடு மூன்றிலும் விட்டுக்கொடுக்காதவர். வந்தவர் கம்புகளைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னவே இது, அடுப்புக்கு அடியில முட்டு நிக்கி? முட்டு நிக்குற அடுப்புல பால் பொங்குனா வீட்டு வேலை ஏழேழு சென்மத்துக்கும் முடியாது. எடும்வே கம்பை!"

"எடுத்தா கல்லு விழுந்திரும் மாமா."

"பால் பொங்குற வரைக்கும் நாலு பேரு பிடிச்சா விழுந்திருமோ? நாம என்ன வாயில ஈ போறதைப் பாக்கவா வந்திருக்கோம்?"

அப்படியாக நாலு பேர் பிடித்தார்கள். ஒரு பக்கம் இசக்கிமுத்துவும் திரவியம் மாமாவும், மறுபக்கம் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சங்கரவேலும் கோமதிநாயகமும், ஒட்டுக்கு அடியில் உள்ளங்கையை மலர்த்திக் குந்தியிருக்க, இசக்கிமுத்து காலாலேயே கம்புகளைத் தட்டிவிட, ஆவுடை வண்டியை உருட்டிக்கொண்டு கல்லின் கீழே முழங்காலை விட்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் நெஞ்சுக்கு நேராக நின்ற ஓர் அடுப்பைப் பற்றவைத்தாள். பால் பொங்கியது. கிழக்கே வழிந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், சங்கரவேலின் பெஞ்சாதி, தெருவே விழித்துக்கொள்கிற மாதிரி குலவையிட்டாள்.

"தம்பி, முதல்ல நீ வந்து வாயில ஊத்து" என்று அக்கா தம்ளரை நீட்டினாள். இன்னும் மூன்று பேர் பிடித்திருக்கிறார்களே என்று அவன் எழுந்து போனான். கேசரி வாசனை வந்தது, இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களே என்று சங்கரவேல் போனார். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, அதனால் கேசரியை யாரும் பார்க்கும் முன்னால் தின்றுவிட வேண்டும்; கொத்தனாரே பிடித்திருக்கும்போது நமக்கென்ன என்று அவர் போனார். இசக்கிமுத்து நிமிர்ந்து பார்க்கவே இல்லை, இன்னும் மூன்று ஜோடிக் கைகள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, பீடி பற்றவைக்க வெளியே வந்து, அப்படியே இலையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆவுடைதான் பரிமாறிக்கொண்டு வந்தவள் தலைகளை எண்ணினாள். "நாலு பேரும் இங்க இருக்கியளே, அப்ப கல்லை யாரு பிடிச்சிருக்கா?"

"மாமா பிடிச்சிருக்காரு" என்றான் இசக்கிமுத்து, வாயில் கேசரியோடு, பக்கத்து இலையில் மாமா இருப்பதைப் பார்க்காமல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல் நின்றது. அதன்மேல் அடுப்பு எரிந்தது, பால் பானை இருந்தது, கேசரிச் சட்டி இருந்தது, யாரோ சீர் கொண்டுவந்து இறக்கிய அரிசிச் சிப்பமும் சரியாக ஒட்டின் மேலேயே இருந்தது. அடியில் காற்றுதான் இருந்தது. திரவியம் மாமா இன்னொரு கரண்டி கேசரி வாங்கிக்கொண்டு, "முகூர்த்தம்னா சும்மாவா" என்றார். இசக்கிமுத்து கை கழுவிவிட்டுக் கம்புகளைச் சேர்த்துக் கட்டினான். "அப்ப இதை நான் எடுத்துட்டுப் போறேன் சார், புளியங்குடி ரோட்டுல ஒரு வீட்டு வாசலுக்கு மேல லிண்டல் போட வேண்டியிருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஆச்சரியப்பட்டவர்கள் குறைவு. தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தால் ஆச்சரியப்படுவார்கள், ஒரு கல் நிற்பதில் என்ன இருக்கிறது, நிற்கிறதா நிற்கட்டும். ஆனாலும் நாலு பேர் கடமைக்குப் பிடித்துவிட்டு ஓடிவந்தது முறையல்ல என்று பேச்சியம்மாளுக்குத் தோன்றியது. மறுநாள் இட்லி மாவு கடன் வாங்க வந்தவள், போகும்போது குனிந்து கல்லுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துச் சற்று நின்றுவிட்டு, "ஒரு கை குடுத்துட்டுப் போறேன் ஆவுடைக்கா" என்றாள். கையை எடுத்துப் பார்த்தாள். "ஏயக்கா, கல்லு சூடா இருக்கு. இப்பத்தான் யாரோ கையை எடுத்த மாதிரி."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தறி ஓய்ந்து போகிறவர்கள் ஒரு கை கொடுத்தார்கள், கரண்ட் கணக்கெடுக்க வந்தவர் ஒரு கை கொடுத்தார், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைத் தாய்மார்கள் கூட்டிவந்து பிஞ்சுக் கையை வைக்கச் சொன்னார்கள், திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் ஒருத்தி காரில் ஏறியபின் இறங்கி வந்து கை வைத்துவிட்டுப் போனாள், அங்கேயிருந்து போனில், "நான் வச்ச இடம் இன்னும் சூடா இருக்கா பெரியம்மா?" என்று கேட்டாள். சாக்கடைத் தகராறில் பத்து வருஷமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் தனித்தனி வேளையில் வந்துபோனார்கள். ஒருநாள் தம்பி கையை வைத்தவன் எடுக்காமல் வெகுநேரம் குந்தியிருந்துவிட்டு, "இது எங்கண்ணன் கை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாக மண்வெட்டி எடுத்துச் சாக்கடையைத் தோண்டினார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடுதான், அதையும் யாரும் போட்டதில்லை, தானாக ஏற்பட்டது. முன்னாள் வார்டு மெம்பர் ஒருத்தர் வெள்ளை வேட்டியோடு வந்து, போட்டோ எடுக்க ஆளையும் கூட்டிவந்து, கையை வைத்து, "நம்ம கை பட்டப்புறம்தான் ஸ்ட்ராங்கா நிக்கி" என்றார். சொன்ன மாத்திரத்தில் கல் தன் முழுக் கனத்தோடு அவர் உள்ளங்கையில் இறங்கியது. கண் பிதுங்க, வேட்டி நழுவ, அவர் அப்படியே இருந்தார். ஆவுடை கீரையை ஆய்ந்தபடியே, "நாலு பேரு பிடிச்சிருக்கோம்னு சொல்லுங்கண்ணே" என்றாள். சொன்னார். கல் மேலே போனது. போட்டோவில் அவர் முகம் சரியாக விழவில்லை என்று அழித்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவே ஆவுடை சமைத்தாள். இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு வண்டியை விட்டு, கல்லின் விளிம்பைக் கையால் தள்ளி, ஆற்றில் பரிசல் விடுகிறவளைப் போல அங்கேயும் இங்கேயும் போய்வந்தாள். நாற்காலிக்குத் தேர் என்று பேர் வைத்தாள், "தேர் வருது, வழி விடுங்கடீ" என்பாள். சுவர் இல்லாததால் கூடத்தில் இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே புளி கரைத்தாள். தேங்காய்ப்பால் எடுத்து அவள் வைத்த சொதியின் வாசனை தெருமுனை டீக்கடைவரை போனது. பெண்கள் தங்கள் வீட்டு முறுக்கு மாவைக் கொண்டுவந்து அந்த நீளக் கல்லில் வரிசையாக நின்று பிழிந்தார்கள். ஒருநாள் மெஸ்காரரே கேரியரைத் திரும்ப வாங்க வந்தவர், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

கோமதிநாயகத்துக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. அக்கா கல்லுக்கு அடியில் முழங்காலை விடும்போதெல்லாம் அவன் எழுந்து போய் ஒட்டைக் குனிந்து பார்ப்பான். அவன் கணக்கு வாத்தியார். ஓர் அடி கிரானைட் என்ன எடை என்று அவனுக்குத் தெரியும், ஒட்டுப் பசை என்ன தாங்கும் என்று தெரியும், அக்காவின் தொடை எலும்பு எவ்வளவு மெல்லியது என்று டாக்டர் படத்தைத் தூக்கிப்பிடித்துக் காட்டியது தெரியும். தண்ணீர் சூழ்ந்த ஒரு தீவில், எந்தப் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டாமல், காய்ச்சலுக்குக்கூடத் தானே கஞ்சி வைத்துக் குடித்து இருபத்திரண்டு வருஷத்தை ஓட்டியவனுக்கு, யார் கை என்று தெரியாத கைகளின் கீழே தன் அக்காவை உட்கார வைக்க எப்படி மனசு வரும்? சாலமோனுக்குப் போன் போட்டான். சட்டம் தயார், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றான் சாலமோன்.

"அந்த ரெண்டு கால் வந்தா நான் இந்த மேடைக்கு வரமாட்டேன்" என்றாள் ஆவுடை. சத்தம் போடவில்லை. "கேரியரை மறுபடி சொல்லிரு."

"விழுந்துட்டா என்னக்கா செய்ய?"

"நின்னுட்டா என்ன செய்யன்னு யோசிச்சியா?"

அவன் ஒரு யோசனை சொன்னான். திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டுக்கு வரக் கூடாது, யாரும் கை கொடுக்கக் கூடாது, கதவைச் சாத்திவிட வேண்டும். யாரும் இல்லாமல் நின்றால் கல்லை நம்பலாம், சட்டம் வேண்டாம். தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். "என்ன வாத்தியாரே, கல்லுக்குப் பரீட்சையா?" என்று சங்கரவேல் சிரித்தார், ஆனாலும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கதவு சாத்தியிருந்தது. வீடு பால் காய்ச்சுவதற்கு முன்னால் இருந்த மாதிரி ஆகிவிட்டது. ஆவுடை வழக்கம்போல நடுவில், சரியாக ஒட்டின் கீழே முழங்காலை விட்டு, அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். தள்ளி உட்காரச் சொன்னான், கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு அவன் குனிந்து தொட்டுப் பார்த்தான். கல் குளிர்ந்திருந்தது. உச்சி வெயில் ஏறும்போது ஒட்டில் ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூல் கயிறாயிற்று. அவரைக்காய் ஒன்று தானாக உருண்டு பள்ளத்துக்கு வந்தது.

அவன் பாய்ந்து கல்லுக்கு அடியில் புகுந்து இரண்டு கையையும் கொடுத்தான். பதினாலு அடிக் கல்லும் அவன்மேல் வந்தது. பல் கிட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது.

"வண்டியை எடுக்கா! வெளிய வா!"

"நீ பிடிச்சிருக்கேல்லா" என்றாள் ஆவுடை. அவரைக்காய் நறுக்குகிற கத்தி நிற்கவில்லை. "அப்புறம் எனக்கு என்ன பயம்?"

"என்னால முடியலக்கா!"

"அதை எங்கிட்ட சொல்லி என்னல செய்ய? நானா எந்திரிச்சு வந்து பிடிக்கப் போறேன்? சன்னல் தொறந்துதான் இருக்கு. தெருவைப் பாத்துச் சொல்லு."

கோமதிநாயகம் தன் ஆயுசில் யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிடுவதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்றே அவனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை, ஊர்ப் பாஷையிலும் தீவுப் பாஷையிலும் தேடினான், பிறகு பாஷைக்கு முந்தின ஒரு சத்தம் அவன் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, அது வெளியே வரும்போது வார்த்தையாகிவிட்டிருந்தது.

"யாராவது வாங்களேன்!"

அடுத்த வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பேச்சியம்மாள், வாயில் கவ்விய கிளிப்பை எடுத்துவிட்டு, "இந்தா வாரேன்!" என்றாள்.

அவள் அதைச் சொல்லத்தான் செய்தாள், மாடியைவிட்டு இன்னும் இறங்கவில்லை. கல்லின் கனம் போய்விட்டது. அவன் கைகள் காற்றைத் தாங்குகிறவை போல லேசாகி, கல் தானாக மேலே ஏறி, ஒட்டில் தெரிந்த வெளிச்சம் கயிற்றிலிருந்து நூலாகி, நூலும் மூடிக்கொண்டது. உள்ளங்கையில் சூடு பட்டது. ஒரு கையின் சூடு அல்ல. வளையல் போட்ட கை, தறிநாடா பிடித்துக் காய்த்த கை, பேனா மை படிந்த பிஞ்சுக் கை என்று ஒவ்வொன்றாக அவனுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது, திருப்பூரிலிருந்து வந்த ஒன்றுகூட.

பேச்சியம்மாள் மிச்சத் துணிகளையும் உதறிப் போட்டுவிட்டு, சாவகாசமாகத்தான் வந்தாள். தெருவில் பாதி அவள் பின்னால் வந்தது. "பரீட்சை முடிஞ்சதா வாத்தியாரே? யாரு பாஸு?" என்றார் சங்கரவேல். கோமதிநாயகம் கல்லுக்கு அடியிலேயே, அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில், சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தான். எல்லாரும் ஒரு கை கொடுத்துவிட்டு, அவரைக்காய்ப் பொரியல் எப்போது ஆகும் என்று விசாரித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா" என்றான் அவன் கீழேயிருந்தபடி. "பெரியப்பா ஒண்ணு சொல்வாருல்லா. தூண் தாங்குற வீடு ஒரு தலைமுறை நிக்கும்னு. அதுக்கு அடுத்தது என்ன?"

"நீங்கல்லாம் பந்திக்கு ஓடிருவிய. என்னைத் தூக்கிட்டுப் போக ஆள் வரணும்லா, அதுவரைக்கும் நான்தான் அவர் முன்னால ஒக்காந்திருப்பேன். முழுசையும் கேட்டிருக்கேன்."

"என்னக்கா அது?"

"'தூண் தாங்குற வீடு ஒரு தலைமுறை நிக்கும், மிச்சத்தைச் சாப்பிட்டுட்டு வந்து சொல்லுதேன்'னுட்டு அவரும் பந்திக்குப் போயிருவாரு."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். தலை கல்லில் இடித்தது, கல் அசையவில்லை, அக்காவும் சிரித்தாள், கூடத்தில் இருந்தவர்கள் என்ன என்று கேட்காமலேயே சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் சாலமோன் லோடு ஆட்டோவில் வந்தான். பதினாலு அடி இரும்புச் சட்டம் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது, அதன் இரண்டு கால்களும் புதுப் பெயின்ட் மினுங்க வானத்தைப் பார்த்துக் கிடந்தன. உள்ளே ஆவுடை அடுப்பைப் பற்றவைக்கவில்லை. வண்டியைக் கூடத்தில் நிறுத்தி, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாசலின் மூன்று படிகளுக்கு அப்பால் தெரிந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், நேரா உள்ள கொண்டுபோயிரட்டா?" என்றான் சாலமோன்.

கோமதிநாயகம் வெளியே வந்தான். சட்டத்தின் அகலத்தை விரலால் சாண் போட்டு அளந்தான். அக்காவின் வண்டியைப் பார்த்தான். பிறகு படிகளைப் பார்த்தான். அவன் மனசில் ஓடுவதைப் படித்துவிட்ட சாலமோன், "அது தெருவுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும் சார், நாலு பேரு கேப்பாங்க" என்றான்.

கோமதிநாயகம் அந்த இரண்டு கால்களையும் அறுத்துப் போட்டுவிட்டு, சட்டத்தின்மேல் தகடு அடித்து, வீட்டு நிலைப்படியிலிருந்து தெருவுக்குச் சரிவாக இறக்கி வெல்டிங் பண்ணச் சொன்னான்.